ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? ஸ்டியரிங் ஏர்பேக்கில் கை வைக்கும் முன்னும் பின்னும்

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு வரும். சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் ஒரு பந்து. ஆறேழு விநாடியில் அது தானாக அணைந்துவிட வேண்டும், சில வண்டிகளில் சில தடவை மினுக்கிவிட்டு அணையும். அணைந்தால், ஏர்பேக்கின் கம்ப்யூட்டர் தன்னுடைய வயர்களையும் சென்சார்களையும் ஒரு சுற்று பார்த்து எல்லாம் சரி என்று முடிவு செய்துவிட்டது என்று பொருள். அணையாமல் நின்றாலோ, ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தாலோ, அதன் பிறகு எங்காவது மோதினால் ஏர்பேக் விரியும் என்று நம்பி வண்டியை எடுக்கக் கூடாது.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் எல்லா கார்களிலும் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அப்போது வாங்கிய வண்டிகள் வாரன்டி முடிந்து வெளி மெக்கானிக்கிடம் போக ஆரம்பித்துவிட்டன. விளக்கு எரிகிறது என்றதும் பலர் முதல் வேலையாக ஸ்டியரிங்கைத்தான் பிரிக்கிறார்கள். பலூன் கெட்டுப்போவது அபூர்வம். கெட்டுப்போவதெல்லாம் பலூனுக்குப் போகிற வழி: வயர்களை இணைக்கும் பிளக்கான கப்ளர், வயர், ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டிருக்கும் கேபிளான கிளாக் ஸ்ப்ரிங். அதனால் என்ன அறிகுறி என்று பார்த்துவிட்டு, தேவை என்று உறுதியானால் மட்டும் ஸ்டியரிங் பக்கம் போங்கள்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஹாரனும் ஸ்டியரிங் பட்டன்களும் நன்றாக வேலை செய்கின்றன

ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் கப்ளர் இருக்கும், ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயரும் கப்ளரும் பெரும்பாலும் மஞ்சளாகத்தான் இருக்கும், மற்ற வயர்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிறம். சீட் பெல்ட் பக்கிள், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், சைடு ஏர்பேக் எல்லாவற்றின் வயரும் அந்த வழியாகப் போகின்றன. உள்ளே வாக்குவம் போட்டுச் சுத்தம் செய்த அன்றைக்கோ, சீட்டை முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளிய அன்றைக்கோ, சீட்டுக்கு அடியில் குடை, தண்ணீர் பாட்டில் எதையாவது திணித்து வைத்த அன்றைக்கோ விளக்கு வந்தது என்றால் காரணம் அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கப்ளரைத் தொடுவதற்கும் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கும் விதி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். சாவி ஆனில் இருக்கும்போது அசைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

பேட்டரி மிகவும் இறங்கிப்போய் செல்ஃப் இழுக்காமல் ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்த பிறகு வருகிற விளக்கு வேறு வகை. வோல்டேஜ் குறைந்தால் அதையும் சில கம்ப்யூட்டர்கள் கோளாறாகப் பதிந்துகொள்ளும். பேட்டரியைச் சரிசெய்து, கம்ப்யூட்டரில் பதிந்ததைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு அந்தக் கோளாறு எண்ணை (கோடு, code) அழித்தால் போதும். மழைக்காலத்தில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலியையும் சந்தேகப்படுங்கள். கார்பெட்டுக்கு அடியில் போகும் வயரைக் கடித்து வைத்திருக்கும்.

விளக்கு, ஹாரன், வால்யூம் பட்டன், க்ரூஸ் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன

இது கிளாக் ஸ்ப்ரிங். சில மெக்கானிக்குகள் ஸ்பைரல் கேபிள் என்பார்கள், சிலர் காயில் என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். ஸ்டியரிங் சுற்றுகிறது, அதற்குக் கீழே இருக்கிற தண்டின் உறை சுற்றாது, இரண்டுக்கும் நடுவே வயர் அறுந்து போகாமல் கரண்ட் போக வேண்டும். அதற்காக ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தட்டையான ரிப்பன் கேபிளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறு பக்கம் திருப்பினால் தளரும். ஸ்டியரிங்குக்குப் போகும் ஹாரன், பட்டன், ஏர்பேக் எல்லாமே அந்த ஒரே ரிப்பன் வழியாகப் போவதால், அது அறுந்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

என் வண்டிக்கு இதுதான் நடந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், முன் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக்கைக் கழற்றி மாட்டினார்கள். கீழே தண்டைப் பிரித்த நேரத்தில் மேலே ஸ்டியரிங்கைக் கட்டி வைக்கவில்லை, யாரோ ஏறி இறங்கும்போது அது சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டது, அப்படியே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துத் திருப்பியபோது உள்ளே ‘டொப்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி சிவப்பு விளக்கு. ஹாரனை அமுக்கினால் மூச்சில்லை. பிரித்துப் பார்த்தபோது அந்த ரிப்பன், பழைய டேப் ரெக்கார்டரில் கேசட் நாடா சிக்கிக்கொண்டு மடிந்து மடிந்து வெளியே வருமே, அப்படிக் கிடந்தது. செம்பு இழை மடிப்பில் பளபளவென்று அறுந்திருந்தது. ராக், தண்டு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கு விட்டாலும் ஸ்டியரிங்கை நேராக வைத்து சீட் பெல்ட்டாலாவது கட்டிவிடச் சொல்லுங்கள், அந்த ஒரு நிமிட வேலை இந்தச் செலவு முழுவதையும் மிச்சப்படுத்தும்.

திருப்பும்போது மட்டும் வருகிறது, நேராகப் போனால் போய்விடுகிறது

இதுவும் அதே கிளாக் ஸ்ப்ரிங்தான், இன்னும் முழுதாக அறவில்லை. ஸ்டியரிங்கைச் சுற்றும்போது காகிதம் உரசுகிற மாதிரி சரசரவென்று கேட்கும், இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் அடிக்கும், வலது பக்கம் ஒடித்தால் அடிக்காது. விளக்கு தானாகப் போய்விட்டதே என்று விட்டுவிடாதீர்கள். கோடு உள்ளே பதிந்துதான் இருக்கும்.

ஹாரன் மட்டும் அடிக்கவில்லை, விளக்கு இல்லை

ஃப்யூஸ், ரிலே, முன்னால் இருக்கும் ஹாரன், அதன் எர்த். இந்த நான்கையும் பார்க்காமல் ஏர்பேக்கைக் கழற்றுவது வீண். நான்கும் சரியாக இருந்தால்தான் ஏர்பேக்குக்குப் பின்னால் இருக்கும் ஹாரன் காண்டாக்டைப் பார்க்க வேண்டும்.

சாவி போட்டால் விளக்கு வரவே இல்லை

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த அறிகுறிதான். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சாவி ஆன் செய்ததும் அந்த விளக்கு வந்து போக வேண்டும், வராமலேயே இருந்தால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ மீட்டரைப் பிரித்து விளக்கை மறைத்திருக்கலாம். அடி வாங்கி ஏர்பேக் வெடித்த வண்டியில் மேல் மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே பலூனே இல்லாமல், விளக்கு அணையாமல் நிற்காதபடி ஒரு ரெசிஸ்டரைச் செருகி விற்கிற வேலை நடக்கிறது. டிரைவர் ஏர்பேக்கின் வெடிமுனைக்கு இரண்டு ஓம் அளவில் ரெசிஸ்டன்ஸ் இருக்கும், அதே அளவு ரெசிஸ்டர் வைத்தால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். கோளாறைக் கண்டுபிடிக்கும்போது ஏர்பேக்குக்குப் பதிலாகச் சில நிமிடம் அப்படி ஒரு டம்மி வைத்துப் பார்ப்பது சரியான முறைதான். வைத்துவிட்டு வண்டியை ரோட்டில் விடுவது கொலைக்குச் சமம். ஸ்டியரிங் மூடியின் நிறம் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, ஓரத்து இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள்.

கழற்றலாம் என்று முடிவு செய்யும் முன்

ஸ்கேனர் போடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிளில் பெரும்பாலும் என்ஜின் கோடுகள் மட்டும்தான் வரும், ஏர்பேக் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். உதாரணமாக ஹூண்டாய் வண்டிகளில் பி1346 என்றால் டிரைவர் ஏர்பேக் லைனில் ரெசிஸ்டன்ஸ் அதிகம், அதாவது எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் விலகியிருக்கிறது. பி1347 என்றால் ரெசிஸ்டன்ஸ் குறைவு, இரண்டு வயரும் எங்கோ ஒட்டுகின்றன. இந்த ஒரு தகவல் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, வண்டியின் சேசிஸ் நம்பரைக் கம்பெனித் தளத்தில் போட்டு ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின், பலூனை ஊதும் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தினார்கள். பல வருடம் வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கினால் அந்த மருந்து தன்மை மாறி, விரியும்போது தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, இரும்பு உறையே சிதறி ஓட்டுகிறவர் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்து பலர் இறந்தார்கள். அந்தக் கம்பெனி 2017 இல் திவாலானது. ஹோண்டா உள்ளிட்ட கம்பெனிகள் இந்தியாவிலும் அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தன. உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருந்தால் நீங்களோ பக்கத்துக் கடை மெக்கானிக்கோ அதைத் தொடவே வேண்டாம், ஷோரூம்தான். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த ஊர்களில் ஓடிய பழைய வண்டிகளுக்கு இதை அழுத்தியே சொல்வேன்.

கழற்றும் முறை

முன் சக்கரம் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டியரிங் லாக் விழாமல் இருக்கச் சாவியை முதல் நிலையில் விடலாமா என்று கேட்பார்கள். பேட்டரியைக் கழற்றும்போது சாவி ஆஃபில்தான் இருக்க வேண்டும். கழற்றிய பிறகு, ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டி வந்தால், லாக்கை விடுவிக்கும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பிக்கொள்ளுங்கள். திரும்ப பேட்டரி மாட்டும் முன் சாவியை ஆஃபுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது, இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மீட்டர் மேல் ஒட்டிக்கொள்வது என் வழக்கம்.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், 10 எண் ஸ்பேனர் போதும். கழற்றிய முனை தானாகத் திரும்பிப் போய்த் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். இப்போது காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் கெபாசிட்டரில் கரண்டைச் சேமித்து வைத்திருப்பார்கள், அது வடிகிற வரைக்கும் பேட்டரி கழற்றியதற்கு அர்த்தமே இல்லை. டொயோட்டா கையேடுகள் 90 விநாடி என்கின்றன, ஹோண்டா மூன்று நிமிடம் என்கிறது. நான் பத்து நிமிடம் விடுவேன். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதை அவசரப்படுத்தி யாருக்கும் எந்த லாபமும் இல்லை. பலூன் முழுதாக விரிய ஏறக்குறைய முப்பது மில்லி விநாடிதான் ஆகும், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

உட்காரும் முன் வண்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டு, உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கிவிடுங்கள். முகத்தை ஸ்டியரிங்குக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கமாக உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

ஏர்பேக்கைப் பிடித்து வைக்கும் முறை இரண்டு வகை. ஒன்று, ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே ஸ்க்ரூ இருக்கும், டொயோட்டாவில் பெரும்பாலும் நட்சத்திரக் குழி கொண்ட 30 எண் டார்க்ஸ். தளர்த்தினால் போதும், அவை முழுதாக வெளியே வராது. மற்றொன்று, ஸ்க்ரூவே இல்லாமல் ஸ்ப்ரிங் கம்பி பிடித்திருக்கும். ஸ்டியரிங்குக்குப் பின்பக்கம் தடவிப் பார்த்தால் இரண்டோ மூன்றோ ஓட்டை தட்டுப்படும். ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பினால் ஓட்டை மேலே வரும், முனை மழுங்கிய ஒல்லித் திருப்புளியை உள்ளே விட்டு மெதுவாக நெம்பினால் கம்பி விலகும், அந்தப் பக்கம் ஏர்பேக் ஒரு விரல் அகலத்துக்கு முன்னால் வரும். அதை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம். எது எந்த வகை என்று தெரியாமல் முன்பக்க மூடியைத் திருப்புளியால் நெம்பிப் பிரிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த மூடிதான் வெடிக்கும்போது கிழிய வேண்டிய இடம், அங்கே கீறல் விழக் கூடாது.

ஏர்பேக் கையோடு வந்ததும் இழுக்காதீர்கள், பின்னால் வயர் இருக்கிறது. இன்ஃப்ளேட்டரின் நடுவே ஒரு கப்ளரோ இரண்டோ உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் வேறு நிறத்தில் சின்ன லாக் ஒன்று இருக்கும், நகத்தால் எடுக்க வராது, தட்டையான மெல்லிய திருப்புளியை அதன் ஓரத்தில் விட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கினால் ‘டிக்’ என்று எழும்பும். அதன் பிறகு கப்ளரைப் பிடித்து நேராக மேலே எடுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். லாக் எழும்பாமல் வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் கையில் வரும். ஹாரன் வயர் தனியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

தூக்கிப் போகும்போது மூடி உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக் கூடாது. கீழே வைக்கும்போது மூடி வானத்தைப் பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது விரிந்தால் உலோகப் பகுதி முழுவதும் ராக்கெட் மாதிரி மேலே போகும். அதன் மேல் எதையும் வைக்காதீர்கள், வெயிலில் விடாதீர்கள், பக்கத்தில் வெல்டிங் வேண்டாம், குழந்தைகள் வராத அறையில் பூட்டி வையுங்கள்.

மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனையில் வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு கரண்டுக்குக்கூட அங்கே அனுமதி இல்லை. வயர் பக்கத்துக் கப்ளரில் வைத்துப் பார்க்கிறவர்கள் இன்னொரு தப்பு செய்வார்கள்: கப்ளரைப் பிரித்தவுடன் அதற்குள் இருக்கும் ஒரு பித்தளைத் தகடு இரண்டு பின்னையும் தானாக ஷார்ட் செய்துவிடும், தவறிக் கரண்ட் வராமல் இருக்க அப்படி ஒரு பாதுகாப்பு. அதை மீட்டரில் பார்த்துவிட்டு, வயர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று வயர் கிட் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள்.

கிளாக் ஸ்ப்ரிங் மாற்றுவதாக இருந்தால்

ஸ்டியரிங்கையும் எடுக்க வேண்டும். நடு நட்டைக் கழற்றும் முன், தண்டிலும் ஸ்டியரிங்கிலும் சேர்த்து ஒரு அடையாளக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் நாலு மரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை இழுங்கள், இல்லாவிட்டால் திடீரென்று வந்து முகத்தில் அடிக்கும். வரவில்லை என்றால் புல்லர் போடுங்கள், தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள், மோதலில் மடங்குவதற்காகவே செய்த தண்டு அது.

புது கிளாக் ஸ்ப்ரிங் நடு நிலையில் லாக் போட்டு வரும், ஸ்டியரிங் மாட்டும் நேரம் வரைக்கும் அந்த லாக்கை எடுக்காதீர்கள். எடுத்துச் சுற்றிவிட்டீர்கள் என்றால், கடிகாரச் சுற்றில் மெதுவாக நிற்கும் வரை திருப்பி, அங்கிருந்து எதிர்ச்சுற்றில் திருப்பி அம்புக்குறிகளை நேர்படுத்த வேண்டும், பல வண்டிகளில் இது இரண்டரைச் சுற்று வரும், உங்கள் மாடலுக்கு எத்தனை என்பது அந்தப் பாகத்தின் மேலேயே ஒட்டியிருக்கும். முன் சக்கரம் நேராக இருக்கும்போது மட்டுமே மாட்டுங்கள். நிலைப்பாடு ஒரு சுற்று தவறினாலும் என் வண்டியின் ரிப்பனுக்கு ஆனதுதான் ஆகும்.

திரும்ப மாட்டுவது

ஹாரன் வயர், பிறகு ஏர்பேக் கப்ளர். கப்ளரை முதலில் முழுதாக அமுக்குங்கள், அப்புறம் லாக்கை அமுக்குங்கள். லாக் கப்ளரின் மட்டத்துக்குச் சமமாக இறங்கியிருக்க வேண்டும், விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. இரண்டு கப்ளர் இருந்தால் நிறத்துக்கு நிறம் பொருத்துங்கள். வயர் எதுவும் ஏர்பேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே நசுங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்க்ரூ வகை என்றால் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள், டொயோட்டாவில் 8.8 நியூட்டன் மீட்டர்தான், கை வலுவையெல்லாம் காட்டினால் மரை போய்விடும். கம்பி வகை என்றால் எல்லாப் பக்கமும் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும், கேட்டதா என்ற சந்தேகம் வந்தால் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள்.

சாவி ஆஃப். வண்டிக்குள் யாரும் இல்லை. அப்போது பேட்டரியை மாட்டுங்கள். பிறகு கதவுக்கு வெளியே நின்று, தலையையும் உடம்பையும் ஸ்டியரிங்கின் பாதையில் கொண்டுவராமல் கையை மட்டும் நீட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள்.

மாட்டிய பிறகும் விளக்கு எரிகிறது என்றால், வேலை நடுவே யாராவது ஏர்பேக் இல்லாமல் சாவியை ஆன் செய்தார்களா என்று கேளுங்கள். அந்தக் கோடு பதிந்திருக்கும், பல வண்டிகளில் ஸ்கேனரால்தான் போகும். அழித்தவுடன் திரும்ப வந்தால் லாக் முழுதாக இறங்கவில்லை, மறுபடி பேட்டரியைக் கழற்றி, மறுபடி காத்திருந்து, திறந்து பாருங்கள். வண்டி ஏற்கெனவே மோதி ஏர்பேக் வெடித்தது என்றால் கம்ப்யூட்டருக்குள் மோதல் பதிவு பூட்டிக்கொண்டிருக்கும், பல மாடல்களில் அதையும் மாற்றியாக வேண்டும்.

ஹாரன் தொடர்ந்து அடித்தால் ஏர்பேக் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹாரன் வயர் நசுங்கி உலோகத்தில் படுகிறது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் சாய்ந்திருந்தால் நீங்கள் போட்ட அடையாளக் கோடு பொருந்தாமல் ஸ்டியரிங் தண்டில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு புதிதாக வந்தால், உங்கள் கிளாக் ஸ்ப்ரிங்கோடு ஸ்டியரிங் கோண சென்சாரும் சேர்ந்திருக்கிறது, ஸ்கேனரில் அதை ஜீரோ செட் செய்ய வேண்டும். பவர் விண்டோ ஒரே அமுக்கில் ஏறவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, பேட்டரி கழற்றியதால் மறந்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுதாக இறக்கி, பிறகு முழுதாக ஏற்றி, ஏறி நின்ற பிறகும் சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்தால் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

பழைய ஏர்பேக் வெடிக்காமல் மிச்சமிருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அங்கே அதை உடைப்பார்கள், சில நேரம் தீயில் போடுவார்கள், சூடு ஏறினால் அது கட்டாயம் வெடிக்கும். பாகம் வாங்கிய சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஜாப் கார்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.